விலை கூடிய சென்ட் போத்தல்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் போடுவது? திருகோணமலை வெயிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மச்சாள் சீட்டு எடுத்த காசில் ஒரு நல்ல சென்ட் வாங்க ஆசைப்பட்டாள். தோடு வாங்கு, அலுமாரி வாங்கு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கொழும்பில் வேலை செய்த காலத்தில் லிப்டுக்குள் ஒரு பெண்ணிடமிருந்து வந்த வாசனை இரண்டு வருடமாக அவள் மனதில் நிற்கிறது. பெயரைக் கேட்டு எழுதியும் வைத்திருந்தாள். விலையைப் பார்த்ததும்தான் பயம் வந்து என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு காசு குடுத்து வாங்கலாமா மச்சாள்?"

ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு விமான நிலையக் கடையில் நானே அவசரப்பட்டிருக்கிறேன். குளிரூட்டிய கடைக்குள் காகிதப் பட்டியில் மணந்து பார்த்து, வனிலாவும் எரிந்த சீனியும் கலந்த மாதிரி ஒரு வாசனையை 100 மி.லீ. போத்தலாக வாங்கி வந்தேன். அங்கே அது அவ்வளவு அழகாக இருந்தது. ஊருக்கு வந்து, ஒரு வைகாசிக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். பந்தலுக்குள் அரை மணித்தியாலம் போகவில்லை, எனக்கே தலையிடித்தது. பக்கத்தில் இருந்த மாமி மெல்ல எழுந்து வேறு கதிரைக்குப் போய்விட்டார். அந்தப் போத்தலில் முக்கால்வாசி இன்னும் அப்படியே இருக்கிறது.

போத்தலில் ஒரு குறையும் இல்லை. அது எங்கள் காற்றுக்குச் செய்த வாசனை அல்ல, அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இது: சென்ட்டைக் கடைக்குள் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் தோலில், உங்கள் ஊர் வெயிலில், நாலு மணித்தியாலம் கழித்து மிஞ்சுகிற வாசனைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மச்சாளுக்குச் சொன்னதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்தக் காற்றில் போடப் போகிறீர்கள்?

சென்ட் என்பது மதுசாரத்தில் கரைத்த வாசனைப் பொருட்கள். தோலில் பட்டதும் மதுசாரம் பறந்துவிடும். பிறகு வாசனைகள் அதனதன் பாரத்துக்கு ஏற்ற வரிசையில் எழும்பும். எலுமிச்சை, தோடம்பழம், பெர்கமொட் போன்ற இலேசானவை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்து போய்விடும். பூக்களும் மசாலா வாசனைகளும் அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கும். சந்தனம், வனிலா, கஸ்தூரி, மரவாசனைகள் கடைசிவரை தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடையில் நீங்கள் மணப்பது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தைத்தான். வாங்கி வந்து வாழப் போவது மூன்றாவது பகுதியோடு.

வெப்பம் இந்த வரிசையை வேகமாக ஓட வைக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் திருகோணமலையில் பகல் வெப்பம் 34, 35 பாகைக்குப் போகும். அந்த நேரத்தில் எலுமிச்சை வாசனை ஓட்டோ ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். இனிப்பும் பாரமுமான வாசனைகளோ ஒரேயடியாக எழும்பிச் சுற்றியிருப்பவர்களின் மூச்சை முட்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் வந்தபின் அதே போத்தல் அமைதியாக நடந்துகொள்ளும். அதனால் முதலில் இதை எழுதி வையுங்கள்: அதிகம் போடப் போவது பகலிலா, பின்னேரத்திலா? குளிரூட்டிய அலுவலகத்திலா, மின்விசிறி மட்டும் சுற்றும் வகுப்பறையிலா? ஒரு வங்கிக் கிளைக்குள் எட்டு மணித்தியாலம் இருப்பவருக்குப் பொருந்துவது, உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தி நாள் முழுக்க வெளியே நிற்பவருக்குப் பொருந்தாது. பின்னேரம் டச்சு பே கடற்கரையில் நடக்கப் போகும்போது மட்டும் போடப் போகிறீர்கள் என்றால் அது இன்னொரு கணக்கு. கடற்காற்று பாதியைக் கொண்டுபோய்விடும்.

படி 2: வாசனைப் பெயர்களை எங்கள் மூக்கால் வாசிப்பது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போகிறேன். பெட்டியிலும் கடைக்காரர் வாயிலும் வரும் பெயர்களைக் கேட்டுப் பலர் மிரண்டுபோகிறார்கள். அதில் பாதி எங்கள் வீட்டுச் சாமான்.

வெட்டிவேரைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் 'வெத்திவேர்' என்று சொல்லும் சொல்லே தமிழிலிருந்து போனது. கெர்லான் நிறுவனம் 1959-இல் அந்தப் பெயரிலேயே ஒரு சென்ட் வெளியிட்டது, இன்றும் விற்கிறது. மண்ணும் வேரும் ஈரமுமாக, தண்ணீர்ப் பானைக்குள் போட்ட வேரின் அதே குளிர்ச்சி. எங்கள் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து குறைவு. பச்சௌலி என்பதும் தமிழ்ப் பச்சிலையிலிருந்து வந்த பெயர் என்றே சொல்வார்கள். ஆனால் அது பாரமான, ஈரமண்ணும் பழைய அலுமாரியும் கலந்த வாசனை. கூடினால் வெக்கையில் தாங்காது.

ஊத் என்று எழுதியிருந்தால் அது அகில். அக்விலேரியா மரத்தில் ஒருவகைப் பூஞ்சை தொற்றும்போது மரம் தன்னைக் காக்கச் சுரக்கும் பிசின்தான் அந்த வாசனை. (இலங்கையின் தென்மேற்குக் காடுகளில் வளரும் வல்லப்பட்டை மரத்திலும் இப்படிப் பிசின் உண்டாகிறது. அதை வெட்டுவதும் கடத்துவதும் சட்டப்படி குற்றம்.) உண்மையான அகில் எண்ணெய் மிக விலை கூடியது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான 'ஊத்' சென்ட்டுகளில் இருப்பது ஆய்வுகூடத்தில் சேர்த்த கலவை. அது ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். சந்தனமும் அப்படித்தான். மரம் வைரம் பாய்ந்து வாசனை தரப் பல வருடம் எடுப்பதால் ஜவனோல், சண்டலோர் போன்ற செயற்கைப் பொருட்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அரைத்த சந்தனத்தின் பாலும் இனிப்பும் கலந்த குளிர்ச்சியை எதிர்பார்த்துப் போய், கூர்மையான மரவாசனை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அம்பர் என்ற சொல்லில்தான் அதிகக் குழப்பம். இரண்டு அம்பர் இருக்கிறது. ஒன்று ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகி, கடலில் நெடுநாள் மிதந்து பதப்படுகிற கட்டி. அந்தத் திமிங்கிலங்கள் திருகோணமலைக் கடலிலும் காணக் கிடைப்பவை. இப்போது அந்தக் கட்டிக்குப் பதிலாகப் பெரும்பாலும் அம்ப்ரொக்சான் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து அதைச் செய்யலாம். உப்பும் சுத்தமும் கலந்த, காற்றில் தூரம் போகிற வாசனை. மற்ற அம்பர் வெறும் கலவை: வனிலா, லப்டனம் என்ற பிசின், அதோடு பென்சொயின். பென்சொயின் வேறொன்றுமில்லை, எங்கள் சாம்பிராணிதான். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் வீடு முழுக்கப் பரவும் புகையோடு கொஞ்சம் வனிலா சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டால் அந்த அம்பரை நீங்கள் கடைக்குப் போகாமலே மணந்துவிட்டீர்கள். பிராங்கின்சென்ஸ் என்பது குந்திரிக்கம். தேவாலயத்தில் தூபம் காட்டும்போது வரும் வாசனை.

மல்லிகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மல்லிகைப் பூவில் இந்தோல் என்றொரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. மாலையில் தலையில் வைத்த சரம் மறுநாள் காலையில் வாடிக் கிடக்கும்போது ஒரு கனத்த வாசனை வருமே, அது இந்தோலின் வேலை. இயற்கை மல்லிகையை நெருங்கிப் போகிற சென்ட்டுகள் எங்கள் வெயிலில் மத்தியானத்துக்குள் அந்த நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

'கடல் வாசனை' என்று சொல்பவற்றில் பெரும்பாலும் கலோன் என்ற பொருள் இருக்கும். வத்தகைப்பழத்தின் வெள்ளைப் பகுதியும் உப்பும் சேர்ந்த மாதிரி. 1990-களில் உலகம் முழுக்கப் பரவியது, 1996-இல் வந்த அக்வா டி ஜியோ என்ற சென்ட் நல்ல உதாரணம். டொக்யார்ட் வீதியில் காலையில் வரும் எங்கள் கடலின் வாசனையை அதில் தேடாதீர்கள். வெள்ளைக் கஸ்தூரி என்றால் புதிதாகத் தோய்த்துக் காயவைத்த உடுப்பின் வாசனை. மான் கஸ்தூரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முழுக்கச் செயற்கை. 'கூர்மான்ட்' என்று போட்டிருந்தால் வனிலா, கரமல், தும்பு மிட்டாய். அதைக் கச்சான் காற்றில் போடாதீர்கள்.

வெயிலுக்கு எதைத் தேடலாம்? வெட்டிவேர், தோடம்பூ, தேயிலை, எலுமிச்சையோடு மரவாசனை, பச்சைக் காய் வாசனைகள். எர்மேஸ் நிறுவனத்தின் தெர் டெர்மேஸ் (2006) தோடையும் வெட்டிவேரும் கலந்தது. அதே நிறுவனத்தின் அன் ஜார்டான் சுர் ல நீல் (2005) பச்சை மாங்காய் வாசனையை நடுவில் வைத்துச் செய்தது. கிளையை ஒடித்த இடத்தில் வடியும் மாம்பாலை மணந்து வளர்ந்த எங்களுக்கு அதைப் புரிய விளக்கம் தேவையில்லை.

படி 3: செறிவு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடிக்கொலோனில் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 2 முதல் 5 வீதம். காய்ச்சல் வந்தால் அம்மம்மா நெற்றியில் துணி நனைத்துப் போட்ட அதேதான். ஓ டி டாய்லெட் 5 முதல் 15, ஓ டி பர்ஃபம் 15 முதல் 20, எக்ஸ்ட்ரே அல்லது வெறும் 'பர்ஃபம்' அதற்கு மேலே. இந்த எல்லைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செறிவு கூடினால் தரம் கூடும் என்று அர்த்தமில்லை. ஒரே பெயரில் வரும் டாய்லெட்டும் பர்ஃபமும் பல வேளை வேறு வேறு கலவைகள், எனவே இரண்டையும் தனித்தனியாக மணந்து பாருங்கள். பகல் பாவனைக்கு எங்கள் ஊரில் டாய்லெட்டே போதும் என்பது என் அனுபவம்.

அத்தர் இன்னொரு வழி. மதுசாரம் இல்லாத எண்ணெய். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் ஒரு துளியை மணிக்கட்டில் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது தோலோடு நிற்கும், தூரத்துக்குப் பரவாது. வெக்கை ஊருக்கு அது நல்ல குணம். 3, 6, 12 மி.லீ. என்று சின்னப் போத்தலில் கிடைப்பதால் பெரிய காசைப் போட முன் உங்கள் விருப்பம் சந்தனமா, அகிலா, ரோஜாவா என்று படித்துக்கொள்ளவும் உதவும்.

படி 4: மணந்து பார்ப்பது

விலை கூடிய சென்ட்டுகளை வரிசையாக வைத்துப் போட்டுப் பார்க்க விடும் பெரிய கடைகளுக்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். போகிற நாளில் நீங்கள் ஒன்றும் போடாமல், வாசனை இல்லாத சவர்க்காரத்தால் குளித்துவிட்டுப் போங்கள். கடையில் முதலில் காகிதப் பட்டியில் ஐந்தாறு வரை பாருங்கள், அதற்கு மேல் மூக்கு சோர்ந்துவிடும். நடுவில் மணக்கக் கோப்பிக்கொட்டை நீட்டுவார்கள். அதனால் பெரிய பிரயோசனமில்லை. உங்கள் சொந்த முழங்கை மடிப்பையோ சட்டைக் கையையோ மணந்தால் அல்லது வெளியே போய் இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

பிடித்தவற்றில் இரண்டை மட்டும் தோலில் போடுங்கள், ஒரு கைக்கு ஒன்று. போட்டதும் கடையை விட்டு வெளியே வாருங்கள். விற்பவர் எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும் அன்றைக்குக் காசு கொடுக்காதீர்கள். வெயிலில் நடங்கள், சாப்பிடுங்கள், பஸ் ஏறுங்கள். பத்து நிமிடம், ஒரு மணித்தியாலம், நாலு மணித்தியாலம், படுக்கைக்குப் போகுமுன் என்று நாலு முறை மணந்து, தொலைபேசியில் ஒரு வரி எழுதுங்கள். 'மரம், இனிப்பு' என்று பட்டியல் போட வேண்டாம். மனதில் என்ன வந்தது என்று எழுதுங்கள். என் மச்சாள் ஒன்றைப் பற்றி 'மழைக்கு முந்தின முற்றம்' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியே தீர்மானத்துக்குப் பாதி உதவியது.

கொழும்புக்குப் போக முடியாதவர்களுக்கு டெகன்ட் இருக்கிறது. பெரிய போத்தலிலிருந்து 2, 5, 10 மி.லீ. அளவில் ஊற்றி விற்பது. நம்பிக்கையான ஆளிடம் வாங்க வேண்டும். இல்லையென்றால் கனடா, லண்டன், கட்டாரில் இருக்கும் உறவினர் வரும்போது கேளுங்கள். நாங்கள் வழக்கமாக 'ஒரு நல்ல சென்ட் கொண்டு வாங்கோ' என்று கேட்போம், அவர்களும் தங்களுக்குப் பிடித்ததை வாங்கி வருவார்கள். அதற்குப் பதிலாக இன்ன பெயர், சாம்பிள் குப்பி மட்டும் என்று சொல்லுங்கள். சில நிறுவனங்கள் நாலைந்து சின்னக் குப்பிகளை ஒரே பெட்டியாகவும் விற்கின்றன. அவர்களுக்குச் செலவும் குறைவு, உங்களுக்கு உண்மையான விடையும் கிடைக்கும்.

5 மி.லீ. கையில் கிடைத்தால் அவசரப்படாமல் அதைத் தீர்த்து முடியுங்கள். ஒருமுறை அமுக்கினால் ஏறக்குறைய 0.1 மி.லீ. வெளியே வரும், ஆகவே அதில் ஐம்பது முறை இருக்கிறது. வேலை நாள், கோயில் போய் வந்த பின்னேரம், வீட்டில் சும்மா இருக்கும் ஞாயிறு என்று வித்தியாசமான நாட்களில் போடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: சில கஸ்தூரிப் பொருட்களைச் சிலரால் மணக்கவே முடியாது. உங்களுக்கு 'ஒன்றும் வரவில்லை' என்று இருக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு அது பலமாக அடிக்கும். அம்ப்ரொக்சான் கூடுதலாக உள்ளவற்றில் போட்டவரின் மூக்கு சீக்கிரம் பழகிப்போய், போய்விட்டது என்று நினைத்து மேலும் மேலும் அடிப்பார். அதனால்தான் இன்னொருவரின் மூக்கு வேண்டும் என்கிறேன்.

முழங்கையின் உட்புறத்தில் போட்டு ஒரு நாள் விட்டு, சிவக்கிறதா, அரிக்கிறதா என்றும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

படி 5: காசுக் கணக்கு

விலையைப் போத்தலாகப் பார்க்காமல் நாளாகப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 50 மி.லீ. போத்தல் 45,000 ரூபா என்று வையுங்கள். அதில் 500 முறை. ஒருமுறைக்கு 90 ரூபா. நாளுக்கு மூன்று முறை அடித்தால் 270 ரூபா, போத்தல் ஐந்தரை மாதம் வரும். தினமும் 270 ரூபா உங்கள் சம்பளத்தில் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இதே கணக்கை மறுபக்கமாகவும் போடுங்கள். கல்யாணம், திருவிழா என்று வருடத்தில் இருபது நாள் மட்டும் போடுபவருக்கு அந்தப் போத்தல் எட்டு வருடம் வரும். அதற்கு முன்பே எங்கள் வெப்பத்தில் வாசனை கெட்டுவிடும். அவர் 10 அல்லது 30 மி.லீ. தான் வாங்க வேண்டும். 100 மி.லீ. ஒரு மி.லீ.க்கு மலிவாக வரும் என்று கடையில் சொல்வது உண்மைதான், ஆனால் பாவிக்காத மி.லீ. மலிவாக இருந்து என்ன பயன்?

கொடுக்கும் விலையில் திரவத்துக்குப் போவது சின்னப் பங்கு. மிச்சம் போத்தல், விளம்பரம், கடை வாடகை, வரி. அதனால் விலை கூடியது எப்போதும் நல்லது என்று எடுக்க முடியாது. துபாய்ப் பக்கத்திலிருந்து வரும் ஆர்மாஃப், லத்தாஃபா போன்றவர்களின் சென்ட்டுகள் பெரிய பெயர்களின் சாயலில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆர்மாஃபின் கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன், கிரீட் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அவென்டஸின் சாயல் என்பது சென்ட் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். அது போலி அல்ல, சொந்தப் பெயரில் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து மணந்து, வித்தியாசம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அல்லது தெரிந்தும் அந்த வித்தியாசம் மனதைத் தொடவில்லை என்றால், மலிவானதை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. கடன் வாங்கியோ, பிள்ளையின் வகுப்புக் காசைத் தள்ளிப்போட்டோ சென்ட் வாங்குவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அப்படியென்றால் எப்போது வாங்கலாம்? குப்பி தீர்ந்தபின் ஒரு வாரம் சும்மா இருங்கள். காலையில் உடுத்தியதும் கை அதைத் தேடினால் வாங்குங்கள். மச்சாள் தன் லிப்டு வாசனையின் குப்பியைப் பத்து நாள் வைத்திருந்து நாலு நாள்தான் போட்டாள். 'அது அந்த அக்காவின்ர வாசம், என்ர இல்லை' என்றாள். அவள் கை தேடியது அந்த மழைக்கு முந்தின முற்றத்தை. விலையும் லிப்டு வாசனையின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான். அதில் 50 மி.லீ. வாங்கினாள்.

படி 6: அசலா என்று பார்ப்பது

பெட்டியின் அடியிலும் போத்தலின் அடியிலும் இருக்கும் பாட்ச் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழை, கோணலாக ஒட்டிய லேபல், இறுக்கமில்லாத மூடி, பனி மாதிரிப் பரவாமல் தண்ணீர் பாய்வது போல் அடிக்கும் ஸ்ப்ரே, இவை சந்தேகத்துக்குரியவை. ஆனால் இப்போது போலி செய்பவர்கள் பெட்டியை நன்றாகவே செய்கிறார்கள். நாலாவது மணித்தியாலத்தைச் செய்வதுதான் அவர்களுக்குக் கஷ்டம். தொடக்கம் ஒரே மாதிரி இருந்து, ஒரு மணித்தியாலத்தில் வெறும் காரமான மதுசார வாசனையாகவோ ஒன்றுமில்லாமலோ போய்விடும். குப்பியில் படித்த வாசனை மனதில் இருந்தால் உடனே பிடித்துவிடுவீர்கள். சமூக ஊடகத்தில் பாதி விலைக்கு 'டெஸ்டர்' (கடையில் மணந்து பார்க்க வைக்கும் போத்தல்) என்று பெட்டியில்லாமல் வருவதை நான் தொடமாட்டேன்.

படி 7: போடுவது

குளித்த பிறகுதான் சென்ட். வியர்வைக்கு மேல் அடித்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவது வாசனை ஒன்று வரும், அது யாருக்கும் நல்லதல்ல. துவாயால் நன்றாகத் துடைத்து, உடம்பின் சூடு அடங்க ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே இருங்கள். வறண்ட தோலில் வாசனை நிற்காது. போடும் இடத்தில் வாசனையில்லாத கிரீமோ ஒரு பொட்டு வாஸலினோ தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அதன் சொந்த வாசனை கலந்துவிடும். வியர்வைக்குப் பாவிக்கும் ரோல்-ஒன்னும் பவுடரும் வாசனை குறைந்ததாக இருக்கட்டும். மூன்று வாசனைகளை ஒரே உடம்பில் சண்டைபிடிக்க விட்டுவிட்டுச் சென்ட் சரியில்லை என்று சொல்லக்கூடாது.

எங்கே? ஒரு சாண் தூரத்தில் பிடித்து, உடுப்பு போடுமுன் நெஞ்சில் ஒன்று. முழங்கை மடிப்பில் ஒன்று. வேண்டுமென்றால் பிடரியில் ஒன்று. நெஞ்சில் போட்டது துணிக்குள் இருந்து மெல்ல மெல்ல மேலே வரும், வெயிலும் படாது. இந்த வெயில் விஷயம் முக்கியம். பெர்கமொட் போன்ற சில எலுமிச்சை இன எண்ணெய்களில் உள்ள பெர்கப்டன் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடும். இன்று பெரும்பாலும் அதை நீக்கிய எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள். ஆனாலும் நிலாவெளிக் கடற்கரைக்கோ புறாத் தீவுக்கோ போகும் நாளில் கழுத்தில், கையில் திறந்த இடத்தில் அடிக்க வேண்டாம்.

மணிக்கட்டில் அடித்து இரண்டு கையையும் தேய்க்கும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். தேய்க்கும் சூட்டில் முதல் வாசனைகள் சீக்கிரமே பறந்துவிடும். அப்புறம், மணிக்கட்டைத்தான் நாங்கள் ஒரு நாளில் பத்துத் தடவை கழுவுகிறோம், அங்கே போட்டு என்ன நிற்கும்?

பட்டுச் சாறியில் நேரடியாக அடிக்காதீர்கள், கறை விழும். கூறைச் சாறியில் விழுந்த ஒரு துளி வாழ்நாள் முழுக்க இருக்கும். முத்து மாலைக்கும் மதுசாரம் ஆகாது. சென்ட் போட்டுக் காய்ந்த பிறகு நகை போடுங்கள். பருத்தி உடுப்பில், உட்பக்கத் தையலில் ஒருமுறை அடிக்கலாம், தோலைவிட அதிக நேரம் நிற்கும். என் அப்பாவின் காலத்தவர்கள் லேஞ்சியில் இரண்டு சொட்டு விட்டு மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள். வியர்க்கும் ஊருக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மத்தியானத்தில் மீண்டும் வேண்டுமென்றால் லேஞ்சியில் போடுங்கள், வியர்த்த தோலில் அல்ல.

எண்ணிக்கை: வெயில் காலப் பகலில் இரண்டு, பின்னேரத்தில் மூன்று. எக்ஸ்ட்ரே என்றால் ஒன்று. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் வர வேண்டும். அதற்கு அப்பால் இருப்பவர் உங்களிடம் எதையும் கேட்கவில்லை.

படி 8: போடாமல் போகும் இடங்கள்

செத்தவீடு. வைத்தியசாலை, அங்கே மூச்சிழுப்புக்காரரும் சத்தி எடுக்கும் கர்ப்பிணிகளும் படுத்திருக்கிறார்கள். கொழும்புக்கு இரவு பஸ், ஜன்னல் மூடிய ஏசி பஸ் என்றால் கட்டாயம். கைக்குழந்தையைத் தூக்கப் போகும் வீடு, அது முகம் புதைப்பது உங்கள் கழுத்தில். பரீட்சை மண்டபத்துக்கு மேற்பார்வைக்குப் போகும் ஆசிரியர்களும் இதை யோசிக்கலாம்.

கோயிலுக்குப் போடக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் கோணேசர் கோயிலுக்குச் சுவாமி மலை ஏறும்போது நான் ஒன்றும் போடுவதில்லை. கர்ப்பூரமும் சந்தனமும் பூவும், கீழேயிருந்து வரும் கடற்காற்றும் சேர்ந்த அந்த வாசனைக்குள் என்னுடையதைக் கொண்டுபோக மனம் வருவதில்லை. பள்ளிவாசலுக்குப் போகும் நண்பர்களில் பலர் மதுசாரம் சேராத அத்தரையே விரும்புகிறார்கள், சிலர் சாதாரண சென்ட்டும் போடுகிறார்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் முதலில் கேட்டுவிடுங்கள்.

படி 9: வைப்பது

சென்ட்டுக்கு எதிரி மூன்று: வெளிச்சம், சூடு, காற்று. கண்ணாடி மேசையில் அழகாக அடுக்கி வைப்பது கடைக்குச் சரி. தகரக் கூரையோ, மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும் அறையோ உள்ள வீட்டில் அலுமாரியின் கீழ்த் தட்டில், அதன் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மேல் தட்டு எப்போதும் சூடு கூட. குளியலறை வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் வேண்டவே வேண்டாம், கெடுவது மட்டுமல்ல, தீப்பிடிக்கும் பொருள் அது. கச்சான் காலத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்கலாம், உறைபெட்டிக்குள் அல்ல. வேறு போத்தலுக்கு ஊற்றி மாற்றும்போது காற்று சேரும், தேவையில்லாமல் செய்யாதீர்கள்.

நன்றாக வைத்தால் மூன்று நாலு வருடம் தாராளமாக இருக்கும். நிறம் கொஞ்சம் இருண்டால் பயப்பட வேண்டாம், வனிலா உள்ளவை இருண்டுகொண்டுதான் போகும். தொடக்கத்தில் புளித்த வாசனையோ நகப்பூச்சு நீக்கியின் வாசனையோ வந்தால் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அது போகாமல் நின்றால் போத்தல் முடிந்துவிட்டது. திறந்த நாளைப் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதி வைக்கும்படி மச்சாளிடம் சொல்லியிருந்தேன். அவள் தேதிக்குப் பக்கத்தில் குப்பி நாட்களில் எழுதிய அந்த வரியையும் எழுதி வைத்திருக்கிறாள்.